கோடு போட்டவன் வீட்டுத் தகரம்

"அப்பா, புயல் கோட்டு மேல மட்டும்தான் நடக்குமா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். வானிலை அலுவலகத்தில் புயலின் பாதையைக் காட்டும் அந்தக் கோட்டை வரைபவன் நான்தான். இம்முறை கோடு எங்கள் ஊருக்குத் தெற்கே விலகிப் போனது. கோட்டின் வலப்பக்கம், அதாவது எங்கள் பக்கம்தான் காற்று அதிகம் என்று ஊரையே எச்சரித்துவிட்டு, என் மாடித் தகரக் கூரையைக் கட்டாமல் விட்டிருந்தேன்.

"கோடு போடுறவர் வீட்டுக்குக் காத்து வராதோ?" என்றார் பக்கத்து மாடித் தையல்கார அக்கா.

"அது தள்ளிப் போகுதுக்கா."

மறுநாள் அலுவலகத்தில் காற்றுமானியின் முள் துள்ளியபோது, என் தகரம் யார் தலையிலும் விழக்கூடாதே என்று கடவுளை வேண்டிக்கொண்டிருந்தேன். வீடு திரும்பினால் தகரம் அங்கேயே இருந்தது, அக்காவின் துணிக்கொடிக் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டு.

அவர் கடைக்குப் போன நேரத்தில் அவர் மாடியில் புதுக் கொடி கட்டிவிட்டு இறங்கினேன். அந்தக் கோடும் கொஞ்சம் கோணல்தான்.