கவிழ்க்காத தட்டு

கவிழ்த்த தட்டுகள் சமையல் மேடையில் முதுகைக் காட்டிக் கிடக்கின்றன, தண்ணீர் சொட்டுகிறது, இந்தக் காலத்து ஜனங்களுக்குக் காத்திருக்கத் தெரிவதில்லை, பசித்தால் தின்கிறார்கள், தின்றதும் கழுவிக் கவிழ்க்கிறார்கள், ஆள் கடலில் இருக்கையில் வீட்டில் தட்டைக் கவிழ்த்தால் வள்ளம் கவிழும் என்பது எங்கள் கரையில் யாருக்குத் தெரியாது, மருமகள் ஜெசிந்தாவுக்கும் தெரியும், என் மகன் ரோக் நேற்றே திரும்பியிருக்க வேண்டும், காற்று இன்னும் ஓயவில்லை, கப்பலில் சமைத்த காலத்திலும் நான் ஒரு தட்டைக் கவிழ்த்ததில்லை, கூட வேலைபார்த்த வடகடல் பரோ தீவுக்காரன் ஹன்னஸ் அதைப் பார்த்து, என் அம்மாவும் இப்படித்தான் என்று தோளில் தட்டினான், ஹங்கேரிக்காரன் காபோர் சிரிக்கிறான், அவன் நாட்டில் கடலே இல்லை, கழுவியதையெல்லாம் கவிழ்த்துவிட்டுப் போகிறான், ஏல கூமுட்ட, ஹன்னஸ் மேல்தளத்துல அலையில நிக்காம்லா என்று கத்தினேன், தமிழில்தான், அவனுக்குப் புரிந்தது, ஒவ்வொன்றாக நிமிர்த்தினான், பிறகு ஹன்னஸுக்கு மூடிவைத்த சோற்றின் மூடியில் சாக்கட்டியால் ஒரு சொல் எழுதினான், வார், அவன் பாஷையில் காத்திருப்பதாம் அது, காத்திருக்கிறான், காத்திருக்கிறாள், எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடக்கம், ஆணா பெண்ணா என்று கேட்காதாம், கோட்டைக்கும் அவர்களிடம் அதே சொல்தானாம், கோட்டை என்கிற அந்தச் சொல் பாரசீகப் பக்கமிருந்து வந்ததாம், யார் கண்டது, நனைந்து இறங்கிவந்த ஹன்னஸ் அதே எழுத்தை வோவர் என்று உருட்டிப் படிக்கிறான், எங்களுக்கு இது வசந்தகாலம்டா, பழைய நார்வேக்காரன் படகேறி எங்கள் தீவுக்கு வந்தபோதே கூட வந்த சொல் என்கிறான், இரண்டு பேரும் புளுகுகிறார்கள் என்றுதான் நினைத்தேன், ஆனால் சோறு சூடாக இருந்தது, ஹன்னஸ் அள்ளித் தின்றான், காபோர் தின்னாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், அப்படித்தான் ஒருத்தி இங்கே நிற்கிறாள், என்ன மாமா முணுமுணுக்கிய, சாப்புடுங்க, தட்டக் கவுத்திட்டியேம்மா, அவன் கடல்லலா கெடக்கான், ஜெசிந்தா அடுப்போரம் கையைக் காட்டுகிறாள், அங்கே ரோக்கின் தட்டு நிமிர்ந்திருக்கிறது, சோறு போட்டு மூடியிருக்கிறது, பக்கத்தில் அவளுடைய தட்டு, காய்ந்து, ஒரு பருக்கை ஒட்டாமல், நேத்துலேருந்து நீ சாப்புடலயா, பசிக்கல மாமா, போனவரு தட்டு நிமுந்திருந்தா போதாதா, போதாது, எல்லாத் தட்டும்லா நிமுந்திருக்கணும், அப்ப நீங்களே நிமுத்துங்க என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நிமிர்த்துகிறேன், ஒவ்வொன்றாக, காபோரைப் போல, தட்டுகள் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து கிடக்கின்றன, நீ ரெண்டு வாய் தின்னுட்டுக் காத்திரு தாயி என்கிறேன், தலையாட்டுகிறாள், தின்னமாட்டாள், ஒரு தட்டும் ஒரு சொல்லும் கடலை என்ன செய்துவிடும், எனக்கே அதில் நம்பிக்கை இல்லை, இருந்தும் நிமிர்த்தாமல் இருக்க முடியவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து நடக்கிறேன்.