வராத பேராயர்

செல்வசிங் அண்ணனுக்கு அன்று வீடியோ காலில் நேர்முகத் தேர்வு. நாற்பது வயதுக்குமேல் பாதிரியார் படிப்புக்கு எடுக்க மாட்டார்களாம். அண்ணனுக்கு மூன்று மாதத்தில் நாற்பது முடிகிறது. இதுதான் கடைசி வாய்ப்பு. கல்ஃபில் நாங்கள் வேலை பார்க்கும் ருவைஸில், எங்கள் கேம்ப் ரூமில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான், கார்மேகம். குலசாமியைத் தவிர வேறு சாமி அறியாத நானே அண்ணனின் சாமியையும் கும்பிட்டுக்கொண்டேன்.

தேர்வுக் குழு பேசச் சொல்லிக் கொடுத்த தலைப்பு, அறுநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பேராயர் வால்டர் ஹெல்ம்ஸ்டன். ஒரு மாதமாக இந்த ஆள் எங்கள் ரூமில்தான் குடியிருந்தார். ராஜாவிடம் எழுத்தர், ஒரே நேரத்தில் மூன்று ஊருக்குக் குரு, பிறகு பேராயர். பேராயரான பிறகும் பதினோரு வருடம் ராஜாவின் அரண்மனையை விட்டு அசையவில்லை, தன் சபை மக்களைப் போய்ப் பார்க்கவில்லை. பதவியேற்கக்கூட வேறு ஆளை அனுப்பிய மகராசன்.

"மந்தையப் பாக்காத மேய்ப்பன் கள்ளன்தான், ஐயா" என்று அண்ணன் முடித்தார். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

போனில் தெரிந்த மூவரில் நடுவிலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊர் சபையில ஆறு வருஷமா மூப்பர்னு எழுதியிருக்கீங்க. ஆறு வருஷமும் ருவைஸ்லதான் இருக்கீங்க. அந்த வேலைய யாரு பாக்குறா?"

அண்ணன் முகம் வெளிறியது. கல்ஃபில் இருப்பவரைச் சபைக் காரியம் பார்க்கும் மூப்பராக்குவது அவர் ஊரில் ஒரு மரியாதை. ஆள் வராவிட்டாலும் பெயர் இருக்கும். அதைப் பெருமையென்று நினைத்து விண்ணப்பத்திலும் எழுதித் தொலைத்திருக்கிறார்.

'ஆன்லைன்ல நானே பாக்குறேன்னு சொல்லுண்ணே' என்று வாயசைத்தேன். புரிந்துகொண்டார். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"என் தம்பி ஆல்டோ, ஐயா. எனக்குப் பதிலா உறுதிமொழி எடுத்ததும் அவன்தான்."

"அப்போ கள்ளன்னு நீங்க இப்ப சொன்னது?"

"எனக்கும் சேத்துதான் ஐயா."

நடுவிலிருந்தவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார்.

"உண்மையச் சொன்னீங்க, சந்தோஷம். ஆனா உங்கள எடுக்க முடியாது, தம்பி."

அழைப்பு முடிந்ததும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒரு பொய் சொன்னா என்னண்ணே கொறஞ்சு போயிரும்?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் ஆல்டோவுக்குப் போன் போட்டார். "லேய், மூப்பர் லிஸ்ட்ல இருந்து என் பேர எடுக்கச் சொல்லு. இனி நின்னா உன் பேர்ல நில்லு."

"நீ எப்பண்ணே வருவ?" என்று ஆல்டோ கேட்டது எனக்கும் கேட்டது.

அண்ணன் போனை வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.