மேளத்துக்குச் சவரம்

மேளக்காரர் தன் மேளத்துக்கு வாரம் இரண்டு முறை சவரம் செய்துவந்தார். தோலில் பழுப்பு முடி முளைத்தது. வலது ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. மற்றபடி அது நல்ல மேளம். அவரே மரம் குடைந்து, தோலை ஊறவைத்து, வார் இழுத்துக் கட்டியது. மழைநாளில் வாரைத் தளர்த்துவார், வாசிக்கும்முன் கணப்பில் காட்டுவார். எண்ணெய் மட்டும் ஆகாது. பட்டால் தோல் தொய்ந்துவிடும்.

முடி முளைத்ததில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. அந்த வெள்ளையை மனைவி பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. புட்டிப்பால் கொடுத்து அவள் வளர்த்த, அதே வெள்ளைத் திட்டுள்ள ஆட்டை, பழைய தோல் கிழிந்த வருடம், அவள் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து அறுத்தவர் அவர். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றார். அவள் தெருத்தெருவாகக் கூப்பிட்டுத் தேடினாள். கூடவே போய் அவரும் தேடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வெட்கமும் விட்டுப்போக வேண்டும்.

வருடங்கள் போயின. வழிக்க வழிக்கத் தோல் மெலிந்தது. கிழிந்தால் பிழைப்பு போச்சு, வழிக்காமல் விட்டால் குடும்பம் போச்சு. இந்த நிலையில்தான் மேளத்தில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. சுவரைப் பார்த்து வைத்த மேளம் காலையில் அடுக்களையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அவருடையது கொதித்தது. பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டார். பிறகு தன் வீட்டிலேயே தங்கியிருந்த மச்சினனைப் பிடித்துக்கொண்டார்.

"மேளத்துல எண்ணெய் தடவி என் பொழப்ப கெடுக்கப் பாக்கறியா?"

"நான் தலைக்கே எண்ணெய் வைக்கறதில்ல மாமா," என்றான் அவன். மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வாசம் போகவில்லை.

பாடகருக்குத் தொண்டை கட்டி ஒத்திகை நின்றுபோன ஒரு மதியம், வழக்கத்துக்கு முன்பே வீடு திரும்பினார். மேளம் மனைவியின் மடியில் இருந்தது. கத்தி பட்டுச் சிவந்த இடங்களில் விரலால் எண்ணெய் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"வழிச்ச எடம் எரியும்ல," என்றாள் நிமிராமல்.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "எப்போலேருந்து தெரியும்?"

"நீங்க மொத தடவ அடிச்ச அன்னிக்கே. அது கொரல் எனக்குத் தெரியாதா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இத்தன வருஷமா பாத்தேன்."

அன்று அவர் அழுதார். அவள் சமாதானம் சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் அவரோடு பேசவில்லை, மேளத்தோடு தினமும் பேசினாள். அவர் மச்சினனைத் தேடிப் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார். சவரக்கத்தி அவருடைய தாடைக்கே திரும்பியது. மேளம் முடியோடுதான் வாசிப்புக்குப் போனது. சத்தம் கொஞ்சம் கம்மியது, கேட்பவர்கள் பழகிக்கொண்டார்கள். கூட்டத்தில் அவள் இருக்கும் நாட்களில் மட்டும் அவர் கை வைக்கும்முன்பே மேளம் ஒருமுறை கத்திவிடும். அது அடங்கியபின் அவர் தாளத்தைத் தொடங்குவார்.