யார் வீட்டுப் பூனை

பூனையைக் கொன்ற பாவம் காசிக்குப் போனாலும் தீராது என்பார்கள். அதையே சாக்கில் கட்டி அடுத்த ஊரில் விட்டுவிட்டால் பாவமே இல்லையாம். எவன் எழுதின சட்டமோ! திருப்பதி என்கிற பெரியவரின் ஊரே அப்படித்தான் செய்தது. திருப்பதியும் செய்தார். பேறுகாலத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்த மகள் ரம்யாவின் தொட்டிலை, வீட்டைச் சுற்றித் திரிந்த சாம்பல் பூனை எட்டிப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான். நேற்றுச் சாயங்காலம் அதைச் சாக்குக்குள் அமுக்கி, வழி மறந்து போகட்டும் என்று சாக்கைத் தலைக்கு மேல் சுற்றி, எக்ஸெல் வண்டியில் கொண்டுபோய் ஆலங்குடி ரோட்டு மீன்கடைப் பக்கம் உதறிவிட்டு வந்தார். வருசம் தவறாமல் குட்டி போடுகிற சனியன் தொலைந்தது என்று வயிறாரச் சாப்பிட்டார். அதன் வயிறு ஒட்டிக் கிடந்ததை அந்த மனிதர் பார்த்திருக்க வேண்டாமா?

காலையில் பரணில், கடலை மூட்டைக்குப் பின்னாலிருந்து கீச்சுக் குரல் கேட்டது. மூன்று குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை.

ரம்யா பிள்ளையை மடியில் போட்டபடி அழுதுவிட்டாள்.

"அதுக்கும் இந்நேரம் பால் கட்டிக்கிட்டுத் துடிக்குமேப்பா. ஒரு வேளை புள்ள குடிக்கலைன்னாலே எனக்கு உசுரு போகுது. போய்த் தூக்கிட்டு வாங்க!"

அப்பனிடம் பேசுகிற பேச்சா அது? வெட்கத்தை விட்டுப் பேசிவிட்டாள். திருப்பதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குட்டிகளைக் கூடையில் துணி போட்டுக் கிடத்தி, வண்டியைக் கிளப்பினார். கிளம்பும்போது கூடையில் ஒரே கத்தல். பாதி வழியில் சத்தம் குறைந்தது. குறையக் குறைய அவர் வண்டியை முறுக்கினார்.

மீன்கடை ஜொஹரா பீவி அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். காலைச் சுற்றிப் பூனைக் கூட்டம்.

"ஏம்மா, இங்கிட்டு சாம்பக் கலர்ல ஒரு தெருப்பூனை வந்துச்சா?"

ஜொஹரா பீவி நிமிர்ந்து கூடையைப் பார்த்தார். கை நின்றது.

"தெருவாண்ணே இதுகளப் பெத்துச்சு? தெருவா சாக்குல கட்டி என் கடை வாசல்ல கொட்டுச்சு? ஒங்க ஊருக்காரவுக கொட்டுறதப் பூராம் நான்தான் புதுக்கோட்டைக்கு பஸ் ஏத்திக்கிட்டுப் போயி, டாக்டரக் கெஞ்சி, குட்டி போடாம இருக்க ஆபரேசன் பண்ணிக்கிட்டுத் திரியிறேன். யாரு வீட்டுப் பூனைன்னு சொல்லிட்டுத் தூக்குங்க."

மீன் வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். திருப்பதி திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் முழித்தார்.

"அது... சும்மா எங்க ஊருல திரியிறதும்மா. யாருதுன்னு இல்ல."

ஐஸ் பெட்டிக்கு அடியில் இரண்டு கண்கள் மின்னின. சாம்பல் பூனைதான். அவரைக் கண்டதும் சீறிக்கொண்டு இன்னும் உள்ளே பதுங்கியது.

"நீங்க நின்னா அது வராது. கூடைய வச்சிட்டு ரோட்டுக்கு அங்கிட்டுப் போங்க" என்றார் ஜொஹரா பீவி.

போனார். பூனை மெல்ல வந்து கூடையை மோந்தது. ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்வியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், பெட்டிப் பக்கம் திரும்பாமல் நேரே ரோட்டில் இறங்கியது. திருப்பதியின் ஊர் இருக்கிற திசைக்கே வந்தது! அந்த நேரம் பார்த்து ஆலங்குடி பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வர, பூனை குட்டியோடு நடுரோட்டில் உறைந்து நின்றுவிட்டது.

திருப்பதி யோசிக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்தார். பஸ் கிறீச்சிட்டு, அவர் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

"யோவ், சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "எவன் வீட்டுப் பூனைய்யா அது?"

"என் வீட்டுப் பூனைய்யா! என் பூனை! அது போற வரைக்கும் நில்லுய்யா!"

தொண்டை கிழியக் கத்தினார். கடைவீதி முழுக்கக் கேட்டது. கேட்டால் கேட்கட்டும், அவர் கால் அசையவில்லை.

பூனை ரோட்டைக் கடந்து டீக்கடை பெஞ்சுக்கு அடியில் குட்டியை வைத்தது. திரும்பி வந்து இரண்டாவதைக் கவ்விக்கொண்டு போனது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். திருப்பதி விலகவில்லை. மூன்றாவது தரம் வந்த பூனை, கூடைக்குள் தலையை விட்டு நக்கியது. மூக்கால் தள்ளியது. திரும்பவும் மோந்தது. பிறகு வெறும் வாயோடு ரோட்டைக் கடந்துபோய், இருக்கிற இரண்டுக்கும் மடியைக் கொடுத்துப் படுத்துவிட்டது.

பஸ் போனது. திருப்பதி கூடையருகே வந்தார். மூன்றாவது குட்டி அசையவில்லை. ஜொஹரா பீவியின் குரல் இப்போது தணிந்திருந்தது.

"குட்டிக பால் மறந்ததும் தாய ஆபரேசனுக்கு நீங்கதாண்ணே தூக்கிட்டு வரணும்."

"வாரேம்மா."

"இதக் குடுங்க, மீன் கழிவோட போட்டுர்றேன்" என்று அவர் கையை நீட்டினார்.

திருப்பதி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. இதுவும் என்னோடதுதான்."