பிழைப் பக்கத்தில் என் தம்பி

பஸ் டிக்கெட் விற்கிற வெப்சைட்டில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் யாரும் மெச்சிக்கொள்வதில்லை. "ஓ, டிக்கெட்டா" என்பார்கள், அத்தோடு சரி. என் தம்பி ஒருவன்தான் அதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினான். முப்பத்தொரு வயது ஆள். பேச்சு வராது. பஸ் என்றால் உயிர். எங்கள் தெருவே அவனைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். தினமும் சாயங்காலம் அம்மா அவனை ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏற்றி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பக் கூட்டி வருவாள். ஒரு நாள் அது தவறினால் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

அம்மாவுக்கு முழங்கால் வீங்கிய ஒரு சனிக்கிழமை நான் கூட்டிப்போனேன். பஸ் நிலையத்தில் நிற்கும்போது ஆபீஸிலிருந்து போன். பஸ் தேடும் பக்கம் படுத்துவிட்டதாம். அவன் கையை விட்டுவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினேன். "நேத்தே சொன்னேன்ல, அதைத் தொடாதீங்கன்னு! எந்தப் புண்ணியவான் தொட்டது?" கோபம் வந்துவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது. நான்கு நிமிடம் கத்தியிருப்பேன். திரும்பிப் பார்த்தால் கண்டக்டர் இல்லை. அதற்குள் அங்கிருந்து ஏழு பஸ் கிளம்பிப் போயிருந்தது.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். நோட்டீஸ் ஒட்டினோம். டிரைவர், கண்டக்டர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அவன் படத்தைக் காட்டினேன். ஏழு பஸ்ஸில் எதில் ஏறினான், எங்கே இறங்கினான், அங்கிருந்து எதில் ஏறினான் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். "உனக்கு ஆபீஸ் போன் வந்துச்சு, நீ என்ன பண்ணுவே" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டில் உட்கார என்னால் முடியவில்லை. பத்தாம் நாளே வேலைக்குப் போனேன்.

போன அன்றே மேனேஜர் அறையில் நின்றேன். நம் சைட்டில் தினமும் லட்சம் பேர் பஸ் தேடுகிறார்கள், பிழைப் பக்கத்தில் அவன் படத்தைப் போடலாமா என்று கேட்டேன்.

பிழைப் பக்கம் என்றால் வேறொன்றுமில்லை. பயணி எதையாவது அழுத்தினால் அந்தக் கோரிக்கை நாங்கள் எழுதிய நிரலுக்குள் போய், ஒரு பதிலோடு திரும்பும். போகிற வழியிலும் வருகிற வழியிலும் மிடில்வேர் என்று ஒன்று நடுவில் நிற்கும். பதில் ஒழுங்காக வந்தால் அது தலையிடாது. கோளாறாக வந்தால் அந்தக் கோளாறை வெளியே விடாமல், நாங்கள் செய்து வைத்திருக்கிற ஒரு பக்கத்தை மாற்றி அனுப்பிவிடும். அதுவரை அந்தப் பக்கத்தில் டயர் பஞ்சரான ஒரு பஸ் பொம்மையும், 'அடடா, வழி தவறிவிட்டோம்!' என்று ஒரு வரியும் இருந்தன. அந்த வரியை எழுதியது நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

மேனேஜர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, "செய்யும்மா" என்றார். "ஆனா சொந்த போன் நம்பர் போடாத. கண்டவனும் கூப்பிட்டுத் தொல்லை குடுப்பான், அப்புறம் கம்பெனி பதில் சொல்லணும். ஒரு படிவம் வை. பார்த்தவங்க அதுல எழுதட்டும்."

அன்றைக்கே வைத்தேன். கண்டக்டரின் படம், வயது, உயரம், 'இவருக்குப் பேச்சு வராது'. அதற்குக் கீழே 'இவரைப் பார்த்தீர்களா?' என்று ஒரு படிவம். முதல் வாரம் அந்தப் பக்கத்துக்கு வந்தது ஒரு நாளைக்கு இருநூறு பேர். வெப்சைட் முகவரியைத் தப்பாக அடித்தவர்கள் மட்டும்தான். லட்சத்தில் இருநூறு எந்த மூலைக்கு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிடில்வேரைத் திருத்தினேன். பக்கம் இல்லை என்கிற பிழை மட்டும் இல்லை, சர்வருக்குள் எது உடைந்தாலும், எந்தப் பிழையாக இருந்தாலும், அதைப் பிடித்து ஓரமாகப் போட்டுவிட்டு என் தம்பியின் முகத்தைக் காட்டு என்று எழுதினேன்.

நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற எங்கள் டெஸ்டர் எட்டிப் பார்த்தான். எனக்கும் அவனுக்கும் ஆறு வருடப் பழக்கம், ஆறு வருடச் சண்டை. "எல்லாப் பிழையையும் நீயே வழியில புடிச்சு முழுங்கிட்டா நமக்கு அலாரம் எப்படி அடிக்கும்?" என்றான்.

"என் தம்பி கிடைச்ச பிறகு அடிக்கட்டும். இப்ப நீ உன் வேலையப் பாரு."

அவன் தன் மேசைக்குத் திரும்பிப் போனான். தம்பியைத் தொலைத்தவளிடம் யார் வம்பு வளர்ப்பார்கள்? அந்த ஒரு மாதம் ஆபீஸில் நான் வைத்ததுதான் சட்டம். சைட் மக்கர் பண்ணினால் எல்லோரும் பதறுவார்கள், எனக்கு மட்டும் உள்ளூர சந்தோஷமாக இருக்கும். ஒரு மணி நேரம் படுத்தால் ஐயாயிரம் பேர் அவனைப் பார்ப்பார்கள்.

படிவத்தில் செய்தி வர ஆரம்பித்தது. முதல் செய்தி, ஐந்து மணி நேரத் தூரத்தில் ஓர் ஊர். நானும் அம்மாவும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனோம். அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் வேறு யாரோ, அவருக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டாவது, மலைப்பக்கம் ஒரு சந்தை. போய்ச் சேர்ந்தால் அந்தப் பெயரில் அங்கே சந்தையே இல்லை. மூன்றாவது செய்தியில், இன்ன பஸ் நிலையத்தில் பதினொன்றாம் எண் மேடைக்கு வாருங்கள், அவர் இங்கேதான் இருக்கிறார் என்று எழுதியிருந்தது. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். எதிர்ப் பக்கம் நான்கு பேர் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவால் திரும்பி பஸ் படி ஏற முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, கையால் காலைத் தூக்கி வைத்து ஏறினாள்.

அந்த பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். படிவத்தில் போட்டோ கட்டாயம் என்று ஆக்கினேன். போட்டோ இல்லாவிட்டால் அனுப்புகிற பொத்தானே வேலை செய்யாது. நிஜமாகப் பார்த்திருந்தால் படம் எடுத்து அனுப்பு, இல்லையென்றால் பொத்திக்கொண்டு போ. லேப்டாப்பில் இருந்த தம்பியின் பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் போட்டு அனுப்பிப் பார்த்தேன். போனது. அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "என்னடி தட்டிக்கிட்டே இருக்க" என்றாள். "இனிமே ஒரு பயலும் நம்மள ஏமாத்த முடியாதும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. விஷமக்காரர்கள் ஒழிந்தார்கள் என்றுதான் நினைத்தேன். தினமும் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்பாள், "யாராவது எழுதினாங்களா?" இல்லை என்பேன். அவள் போய் அவன் படுக்கையை உதறிப் போடுவாள். படுக்காத படுக்கையில் என்ன தூசி இருக்கும்?

நாலு வாரம் கழித்து ஒரு மத்தியானம் டெஸ்டர் என் மேசைக்கு வந்து நின்றான். வழக்கமாகக் கிண்டலோடு வருகிறவன் நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளினான்.

"உக்காரு."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு."

"சலுகை டிக்கெட்டுக்கு அடையாள அட்டையைப் படம் எடுத்துப் போட முடியலைன்னு புகார் வந்துச்சு. பார்த்தா, நம்ம சர்வர் ஒரு எம்.பி. அளவுக்கு மேல எந்தப் படத்தையும் வாங்க மாட்டேங்குது. ரொம்ப நாளா அப்படித்தானாம், யாரும் கவனிக்கல. சரி, இன்னும் யாருக்கெல்லாம் இப்படி ஆச்சுன்னு பதிவேட்டைத் தேடினேன்." மேசை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டான். "நீ என்ன படம் போட்டு டெஸ்ட் பண்ணின?"

"பாஸ்போர்ட் சைஸ்."

"இப்ப எந்த போன்ல எடுத்தா ஒரு எம்.பி.க்குள்ள வருது, சொல்லு."

நான் உட்கார்ந்தேன். அவன் தன் திரையைக் காட்டினான். சர்வர் எழுதி வைத்திருந்த வரிகள். எங்கள் படிவத்துக்கு, ஒரே போனிலிருந்து, ஒரே காலையில். 11:08க்கு முதல் வரி. 11:47க்குக் கடைசி வரி. எண்ணினேன். பதினொன்று.

எனக்குப் புரிவதற்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, எழுதினவளே நான்தான். யாரோ ஒருவர் படத்தோடு படிவத்தை அனுப்பியிருக்கிறார். படம் பெரிது என்று சர்வர் மறுத்திருக்கிறது. அந்த மறுப்பை என் மிடில்வேர் வழியில் பிடித்து விழுங்கியிருக்கிறது. விழுங்கிவிட்டு, எந்தப் பிழையாக இருந்தாலும் காட்டச் சொன்ன பக்கத்தைக் காட்டியிருக்கிறது. படம் பெரிது என்று சொல்லவில்லை, சின்னதாக அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. மறுபடியும் தம்பியின் முகம், காலிப் படிவம், 'இவரைப் பார்த்தீர்களா?' பார்த்தேன் என்று அந்த ஆள் பதினொரு தரம் சொல்லியிருக்கிறார். பதினொரு தரமும் நான் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

"யாராவது விளையாடி இருப்பாங்க" என்றேன்.

"இதப் பாரு" என்று அளவு எழுதியிருந்த பத்தியைக் காட்டினான். முதல் ஏழும் 4.2 எம்.பி. அப்புறம் மூன்று 3.9. கடைசியில் ஒன்று 5.1. "முதல் படம் போகலைன்னதும் வேற படம் எடுத்திருக்காங்க. அப்புறம் இன்னொன்னு. அனுப்பினவங்க அவன் கூடவே நின்னிருக்காங்க. நாப்பது நிமிஷம்."

"படம் எங்க?"

"வாங்கவே இல்லையே. எங்க இருக்கும்?"

"என்னிக்கு இது?"

"பத்தொம்பது நாளாச்சு."

அவன் மேசை மேல் இருந்த தண்ணீரை என் கையில் கொடுத்தான். முன்னால் ஒரு தடவை சொன்னேனே, அப்போதே கேட்டிருக்கலாமே என்று அவன் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

போலீஸ் நிலையத்துக்கு அந்த வரிகளை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் நடையாய் நடந்தேன். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த வரிகளில் இருந்த இணைய இணைப்பு எண்ணை ஒரே நேரத்தில் பல்லாயிரம் போன்கள் பகிர்ந்துகொள்ளுமாம். எந்த நிமிடம் எந்த போன் என்கிற குறிப்பை போன் கம்பெனி ஏழு நாள்தான் வைத்திருக்குமாம். "ஒரு வாரத்துக்குள்ள வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஊரையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மூன்று மாவட்டத்துக்கும் அதே எண்தான் என்றார்.

ஆபீஸுக்கு வந்து எல்லாவற்றையும் திருத்தினேன். மொத்தம் நான்கு வரி. பெரிய படத்தை வாங்கு, போட்டோ கட்டாயமில்லை, மற்ற பிழைகளை விழுங்காதே, அலாரத்தை அடி. யாரையும் கேட்காமல் என் போன் நம்பரையும் கொட்டை எழுத்தில் போட்டேன். மேனேஜர் பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை. போன் வருகிறது. பஸ் ஏன் லேட் என்று கேட்கிறார்கள். அந்தப் பதினொரு தரம் முயன்ற ஆள் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஏன் வரப்போகிறார்? அவரைப் பொறுத்தவரை அவர் சொன்னார், நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் ஒரு வாரம் ஓட்டினேன். அதற்கு மேல் முடியவில்லை. அவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கீழே உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். போட்டோ கட்டாயம் ஆக்கினது நான், பிழையை விழுங்க வைத்தது நான், எல்லாம் நான். இப்போதாவது அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நிஜமா அவன்தானாடி?"

"தெரியலம்மா. விளையாடறவன் நாப்பது நிமிஷம் நிக்க மாட்டான்."

"அப்ப யாரோ ஒரு நல்லவங்க பக்கத்துல இருந்திருக்காங்க."

"அன்னிக்கு இருந்திருக்காங்க."

"போட்டோ எடுத்தா சிரிப்பானே. சிரிச்சானா?"

"படம் நம்மகிட்ட வரலம்மா. வெளியிலயே நின்னுடுச்சு."

"இளைச்சுப் போயிருக்கானான்னாவது தெரியுமா?"

"அம்மா, ஒண்ணுமே தெரியாதும்மா. அந்தப் படத்தோட அளவு மட்டும்தான் எழுதியிருக்கு."

"என்ன அளவு?"

"நாலு புள்ளி ரெண்டு."

அவள் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எம்.பி., சர்வர் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவனைப் பற்றி இரண்டு மாதத்தில் கிடைத்த ஒரே தகவல் அதுதான்.

"அது கம்மியாடி, ஜாஸ்தியா?"

"ஜாஸ்திம்மா" என்றேன். "அதனாலதான் உள்ள விடல."