காத்தாடியைத் திருப்பியவள்

சூப்பர்வைசர் லோகேஸ்வரி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டியபோது புனிதாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவள் எழுதியதுதான். மம்பாவ் மனநல நிலையத்தில் ஒவ்வொரு ஆலோசகரும் வாராவாரம் எழுதித் தர வேண்டும்: யாரோடு பேசினேன், எப்படி நடந்துகொண்டேன், என்ன கற்றுக்கொண்டேன்.

"எழுதினா இப்படி எழுதணும்லா," என்று லோகேஸ்வரி கூட்டத்தில் இருந்த ஆலோசகர்கள் எல்லாருக்கும் கேட்க வாசித்தார். "'முதல் வாரம் அழுக்கு உடையோடு வந்தவர், மறுவாரம் குளித்து, சலவைச் சட்டையில் வந்தார். தன்னைப் பேணத் தொடங்கிவிட்டார். நான் பரிவோடு கேட்டதே காரணம் என்று உணர்கிறேன்.'"

பரிவாம், பரிவு! எழுதிய கையை என்ன செய்தால் தகும்?

நடந்தது வேறு. புக்கிட் பெலண்டோக் எஸ்டேட்டில் லோரிக்குக் கட்டிப்பால் ஏற்றுகிறவர் நல்லசாமி. மரத்தில் கட்டிய மங்கில் உறைந்து கட்டியான ரப்பர் பால் நாள்கணக்கில் குவிந்து கிடந்தால் நாற்றத்தில் செத்த எலி தோற்றுப் போகும். மனைவி இறந்து நாலு மாதமாகத் தூக்கமில்லாத மனிதர், வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தார். "அன்னிக்குக் காலையில அவ என்னைக் கூப்பிட்டாம்மா, நான்..." என்று ஆரம்பித்தார். புனிதா மூச்சை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சுழன்றுகொண்டிருந்த மேசைக் காத்தாடியை, நாற்றம் தன் பக்கம் வராதபடி எட்டி அவர் பக்கம் திருப்பிவிட்டாள். அவர் காத்தாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். பெடாஸ் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டிய அப்பன் கையால் சோறு தின்று வளர்ந்தவள் செய்த காரியம் இது.

மறுவாரம் வந்தபோது துணி வெளுக்கும் குளோரக்ஸ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவர் கைத்தோல் உரிந்திருந்தது. "இப்ப பரவால்லம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அதற்கடுத்த வாரம் ஆளே வரவில்லை. அந்தக் கையைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் 'பேணத் தொடங்கிவிட்டார்' என்று எழுதியிருக்கிறாள்!

"மேடம், அது பொய்," என்று எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

லோகேஸ்வரி முகம் சுளித்தார். "அதையெல்லாம் ஏன் எழுதணும்? 'காற்றோட்டம் சரிசெய்யப்பட்டது'ன்னு ஒரு வரி போடுங்க, போதும்."

மற்றவர்கள் குனிந்து அந்த வரியைக் குறித்துக்கொண்டார்கள். தூ என்று துப்பத் தோன்றியது புனிதாவுக்கு. யார் மேல் முதலில் துப்புவது? தன் மேலேயேதான்.

வெளியே வந்து நல்லசாமிக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு முடியாதும்மா. வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நீங்க மூடிருவீங்க."

"குளிக்காதீங்கய்யா. அப்படியே வாங்க."

ஐந்து மணிக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். புனிதா காத்தாடியை நிறுத்தி, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. பரிவு வந்து அதை ஒன்றும் மணக்க வைத்துவிடவில்லை.

அவர் உட்காராமலே கேட்டார். "நாறலையாம்மா?"

"நாறுதுய்யா. உக்காருங்க. அன்னிக்குக் காலையில அவங்க கூப்பிட்டாங்க. நீங்க?"