பில்லில் ஐந்தாவது எண்

எங்கள் வீட்டு போன் பில்லை நான் கீழிருந்துதான் படிப்பேன். மொத்தம் ஐந்து எண்கள். என் வீட்டுக்காரர், நான், மகள், மாமியார், கடைசியில் என் தம்பி. தம்பி எங்களோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ஆனால் குடும்ப இணைப்பில் ஐந்து பேர் இருந்தால் நூற்றுக்கு முப்பது தள்ளுபடி உண்டு. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன், பில்லை விட்டு மட்டும் போகவில்லை. மாதாமாதம் இரண்டாம் தேதி அவன் பங்குப் பணம் வந்துவிடும். கூட ஒரு வார்த்தை வராது.

அவன் எண்ணுக்கு நேரே எத்தனை நிமிடம் பேசினான் என்று போட்டிருக்கும். ஒரு மாதம் வெறும் பதினோரு நிமிடம். காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறானோ என்று அந்த மாதம் முழுக்கக் கடவுளை நச்சரித்தேன். அடுத்த மாதம் நானூறு நிமிடம். என் தம்பி நலமாக இருக்கிறான் என்பதற்கு எனக்கிருந்த ஒரே செய்தி அந்த வரிதான்.

சண்டை வந்தது ஒரு பச்சை நிறத்தால். வீட்டுக்காரர் பெயின்டர். தம்பி எங்கள் பின்கட்டு அறையில் தங்கி அவரோடு வேலை பார்த்தான். ஒரு வீட்டுப் படுக்கையறைக்கு இளம்பச்சை கேட்டிருந்தார்கள். இவன் டப்பாவை மாற்றி எடுத்து நாலு சுவரிலும் கிளிப்பச்சையை அடித்துவிட்டான். "கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று வீட்டுச் சொந்தக்காரர் முன்னாலேயே இவர் கத்தினார். சாப்பாடு கொண்டுபோன நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. தம்பி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் போனவன், இப்போது வேறு ஊரில் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கிறான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எல்லா போனுக்கும் ஒரு செய்தி வந்தது. 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வசதிக்காகக் குடும்பத் தள்ளுபடியின் விதிகளை மாற்றியுள்ளோம். இனி எத்தனை பேரானாலும், அனைவரும் ஒரே முகவரியில் வசித்தால் மட்டுமே தள்ளுபடி.'

"என் பணத்தை எடுத்துக்கறது என் வசதிக்காகவா?" என்று வீட்டுக்காரர் குதித்தார். அந்தத் தள்ளுபடி மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஏதோ பந்தயத்தில் ஓடி ஜெயித்ததைப் போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

மறுநாளிலிருந்து வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிடுவதே அவருக்கு இரண்டாவது தொழில். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறுவார். பைக்குள்ளிருந்து பாட்டு வாசிக்கும். நடுநடுவே, 'நீங்கள் வரிசையில் பதினேழாவதாக உள்ளீர்கள்' என்று ஒரு குரல் வரும். ஒரு கூடம் முழுக்க அடித்து முடித்தபோது மூன்றாவதாக வந்தார். இணைப்பு அறுந்துபோயிற்று.

"அப்பா, பேசாம அந்தப் பாட்டுக்கு ஆட கத்துக்கோங்க," என்றாள் மகள்.

"நீ வேற எரியறதுல எண்ணெய ஊத்தாத."

கடைசியில் இருவரும் நேரிலேயே போனோம். எனக்குப் பயம் வேறு. தம்பியை எடுத்துவிட்டு நால்வருக்குத் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வந்துவிடுவாரோ? அப்புறம் அந்த ஐந்தாவது வரி எனக்கு ஏது?

போன் கம்பெனியின் கடையில் மூன்று மேசைகள், ஆள் இருந்தது ஒன்றில்தான். அங்கிருந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து எத்தனை பேர் கத்தினார்களோ, அவளும் எத்தனை பேருக்குப் பதில் சொன்னாளோ. எங்கள் முறை வந்ததும் இவர் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போனார். நான் பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாயை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"முதல்ல இதை வாயில போட்டுக்கோம்மா. நாங்க ஒண்ணும் ஓடிப்போக மாட்டோம்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் இவர் மெல்ல விட்டுவிட்டார்.

விவரம் கேட்டதும் அவள் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு பேரும் ஒரே வீட்டுலதானேம்மா இருக்கீங்க? ஆமான்னு சொல்லுங்க போதும். நான் டிக் பண்ணிடறேன். யாரும் வந்து பார்க்க மாட்டாங்க."

இவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றால் தள்ளுபடியும் நிற்கும், தம்பியும் நிற்பான். ஒரே ஒரு சொல். ஆனால் நாளைக்கு யாராவது துருவினால் மாட்டிக்கொள்வது, நல்ல மனசோடு டிக் போட்ட இந்தப் பெண். யாரும் வந்து பார்க்காவிட்டாலும் மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"இல்லம்மா. என் தம்பி ரெண்டு வருஷமா எங்ககூட இல்ல," என்றேன்.

"அப்படின்னா அந்த எண்ணைத் தனியா பிரிச்சுடலாம் சார். மிச்ச நாலு பேருக்குத் தள்ளுபடி அப்படியே இருக்கும். இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

இவர் பேனாவை வாங்கினார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயின்ட்டைச் சுரண்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பிரிக்காதீங்க."

"சார், அப்புறம் தள்ளுபடி மொத்தமா போயிடும்."

"போகட்டும்."

"பதினோரு தடவை கம்பெனிக்குக் கூப்பிட்டிருக்கீங்கன்னு இங்க காட்டுதே சார்!"

"நாளைக்குப் பன்னிரண்டாவது தடவையும் கூப்பிடுவேன். அது வேற கணக்கு. இவன் என் மச்சினன்மா. முப்பதுக்கும் நாப்பதுக்கும் விட்டுட முடியுமா?" பேனாவை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அந்தப் பெண் கன்னத்தில் அடக்கிய மிட்டாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது எல்லா எண்ணுக்கும் செய்தி வந்தது: 'உங்கள் குடும்ப இணைப்பு, தள்ளுபடியின்றி, ஐந்து எண்களுடன் தொடர்கிறது.'

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இவர் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் அப்படியே நின்றார். தம்பியின் குரல் எனக்கே கேட்டது.

"மாமா, தள்ளுபடியையா விட்டீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன். அந்தக் கம்பெனிக்காரனுக்குத்தான் மண்டையில கோளாறு."

"நானும் கம்பெனிக்கு ஒன்பது தடவை கூப்பிட்டேன் மாமா, என் லைனைப் பிரிக்காதீங்கன்னு சொல்ல. எப்பப் பாரு பதினேழாவது!"

"உனக்கும் பதினேழா!"

அப்புறம் இருவரும் சேர்ந்து அந்தக் கம்பெனியைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். இரண்டு பேருந்துகள் போய்விட்டன. மூன்றாவதையும் விட்டபோதுதான் போன் என் கைக்கு வந்தது.

"அக்கா," என்றான்.

"அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்டா. தப்பு என்மேல."

"விடுக்கா. கிளிப்பச்சை அடிச்சவன் நான்தானே."

இவர் போனைப் பிடுங்கினார். "ஞாயித்துக்கிழமை வா. உன் ரூம்ல டப்பாவா அடுக்கி வச்சிருக்கேன், எல்லாத்தையும் எடுத்துடறேன். சுவரும் அழுக்கேறிக் கிடக்கு. நீதான் கலர் கலக்கறவனாச்சே, ஒரு டப்பா கலந்து எடுத்துட்டு வா. எந்தக் கலரானாலும் சரி."

"எந்தக் கலரானாலுமா மாமா?"

இவர் கொஞ்சம் யோசித்தார்.

"பச்சையைத் தவிர."